ரோலர் நின்றால் எங்கே பார்ப்பது?



2011 டிசம்பர் 30ஆம் தேதி காலை, கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே தானே புயல் கரையேறியது. காற்று மணிக்கு 120 முதல் 140 கிலோமீட்டர் வேகம். அன்று நம் புதுச்சேரியில் மரம் விழாத தெருவைத் தேட வேண்டியிருந்தது. பிரெஞ்சுக்காரர்கள் 1826இல் அமைத்த தாவரவியல் பூங்காவிலேயே வயதான மரங்கள் வேரோடு சாய்ந்து கிடந்தன. பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 2024 நவம்பர் 30ஆம் தேதி இரவு, ஃபெஞ்சல் புயல் நம் ஊர்ப் பக்கமே கரை கடந்தது. அதற்குக் காற்றைவிட மழைதான் பெரிது. ஒரே நாளில் நாற்பது சென்டிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்தது.

புயல் ஓய்ந்ததும் ரம்பம் வைத்து மரத்தை அறுத்து வழிவிடுவது ஒரு வேலை. அறுத்த கிளைகளை அப்புறப்படுத்துவது அதைவிடப் பெரிய வேலை. ஒரு லாரி நிறையக் கிளையை ஏற்றிப் பாருங்கள், பாதிக்கு மேல் வெறும் இடைவெளிதான் இருக்கும். அதனால்தான் இன்று நகராட்சிகளும், தோட்ட நிர்வாகங்களும், வாடகைக்கு மிஷின் விடுகிறவர்களும் சிப்பர் வைத்திருக்கிறார்கள். கிளையை ஒரு வாயில் கொடுத்தால் மறு வாயில் சில்லாக வெளியே வரும். பல லோடு ஒரு லோடாகச் சுருங்கும். நகரத்துக்கு வெளியே இதே மிஷின் சவுக்குத் தோப்புகளிலும் ஓடுகிறது. காலாப்பட்டு தொடங்கி மரக்காணம் வரையிலும், தெற்கே கடலூர் வட்டாரத்திலும் சவுக்கு எவ்வளவு என்பது உங்களுக்கே தெரியும். கரூர் காகிதபுரத்தில் இருக்கிற டி.என்.பி.எல். காகித ஆலை, சவுக்கையும் தைல மரத்தையும் சில்லாக்கித்தான் கூழ் காய்ச்சுகிறது.

இந்த மிஷின் வேலை நடுவில் நின்றுபோனால் என்ன செய்வது? அதுவும் ஹைட்ராலிக் பக்கம் கோளாறு என்றால் எங்கிருந்து தேடத் தொடங்குவது? இன்றைய உரை அதைப் பற்றியது. சொல்லப் போவதன் சாரத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்த நட்டையும் திருகுவதற்கு முன்னால், குறைவது வேகமா வலுவா என்று முடிவு செய்யுங்கள். கோளாறு ஹைட்ராலிக்கில்தான் என்று தெரிந்தால், தேடலை ஆயிலில் தொடங்குங்கள். ரிலீஃப் வால்வில் கை வைப்பது கடைசி. நம் பட்டறைகளில் பெரும்பாலும் இது தலைகீழாக நடக்கிறது. ரோலர் நின்றவுடன் ஸ்பானர் நேரே ரிலீஃப் வால்வுக்குப் போகிறது. அங்கிருந்துதான் செலவு ஆரம்பிக்கிறது.

சிப்பரில் ஹைட்ராலிக் எங்கே இருக்கிறது? மரத்தை வெட்டுகிற டிரம் அல்லது தட்டு, பெல்ட் வழியாகவோ ஷாஃப்ட் வழியாகவோ எஞ்சினோடு நேராக இணைந்திருக்கும். டிராக்டரில் மாட்டுகிற வகை பி.டி.ஓ. ஷாஃப்ட்டில் ஓடும். வெட்டுகிற வேலையில் பெரும்பாலான சிப்பர்களில் ஹைட்ராலிக்குக்குப் பங்கில்லை. கிளையைப் பிடித்து உள்ளே இழுக்கிற பல் ரோலர்கள் இருக்கின்றனவே, அவற்றைச் சுற்ற வைப்பதுதான் ஹைட்ராலிக். பெரிய மிஷினில் மேல் ரோலரை அழுத்திப் பிடிக்கவும் தூக்கவும் ஒரு சிலிண்டரும் இருக்கும்.

ஆயிலின் பாதையும் எளியதுதான். டேங்கிலிருந்து உறிஞ்சு குழாய் வழியாக கியர் பம்புக்கு வரும். பம்பிலிருந்து கண்ட்ரோல் வால்வு. அங்கிருந்து ரோலர் மோட்டார். பிறகு ஃபில்டர் வழியாக மறுபடியும் டேங்க். பம்புக்கும் வால்வுக்கும் இடையில், அல்லது வால்வுக்குள்ளேயே, ரிலீஃப் வால்வு உட்கார்ந்திருக்கும். அழுத்தம் ஓர் அளவைத் தாண்டினால் ஆயிலை டேங்குக்கே திருப்பிவிடுவது அதன் வேலை.

இதற்கெல்லாம் அடிப்படை ஒரு பழைய விதி. அடைபட்ட திரவத்தில் ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லாப் பக்கமும் குறையாமல் பரவும் என்று எழுதிவைத்தவர் பிளேஸ் பாஸ்கல். பிரான்ஸ் நாட்டுக்காரர், 1623இல் பிறந்தவர். அதைச் சொல்லும் நூல் அவர் இறந்த மறு ஆண்டு, 1663இல்தான் அச்சேறியது. அந்த விதியை நம்பி ஜோசப் பிராமா இங்கிலாந்தில் ஹைட்ராலிக் பிரஸ்ஸுக்குக் காப்புரிமை வாங்கியது 1795இல். ஏட்டில் இருந்தது எந்திரமாக வர நூற்று முப்பது ஆண்டுக்கு மேல் ஆனது. தடை, விதி புரியாததால் வந்ததல்ல. பிஸ்டனைச் சுற்றித் திரவம் கசியாமல் அடைக்கிற சீல் அதுவரை சரியாக வாய்க்கவில்லை. இன்றைக்கும் ஹைட்ராலிக் கோளாறுகள் பல சீலிலும் கசிவிலும் வந்து நிற்கின்றன.

இப்போது வேகமும் வலுவும். உதாரணத்துக்கு ஒரு கணக்கு. பம்பு நிமிடத்துக்கு 20 லிட்டர் ஆயில் தள்ளுகிறது. ரோலர் மோட்டார் ஒரு சுற்றுக்கு 400 மில்லி ஆயில் எடுத்துக்கொள்கிறது. அப்படியானால் ரோலர் நிமிடத்துக்கு 50 சுற்று சுற்றும். ரோலரின் விட்டம் 20 சென்டிமீட்டர் என்றால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 31 மீட்டர் கிளை உள்ளே போகும். இந்த வேகத்தை முடிவு செய்தது ஆயிலின் அளவு மட்டும்தான், அழுத்தத்துக்கு இதில் இடமில்லை. இனி வலு. அதே மோட்டாரில் 140 பார் அழுத்தம் ஏறினால், உராய்வைக் கழித்துவிட்டு ரோலரின் விளிம்பில் ஏழெட்டு நூறு கிலோ இழுவிசை கிடைக்கும். ஆனால் ரோலர் வெறுமனே சுற்றும்போது அந்த 140 பார் ஏறவே ஏறாது. மரம் எதிர்த்து நின்றால்தான் அழுத்தம் எழும்.

ஆபரேட்டர்கள் சொல்கிற புகார் பெரும்பாலும் இரண்டே வகை. “அண்ணே, ரோலர் நல்லாத்தான் சுத்துது, மரம் வெச்சா நின்னுடுது” என்பது ஒன்று. அது வலுக்குறைவு. “காலையில நல்லா இழுத்துச்சு, மத்தியானத்துக்கு மேல ரோலர் மெதுவாயிடுச்சு” என்பது மற்றொன்று. அது ஆயில் அளவு குறைவது. இந்த இரண்டு வாக்கியங்களையும் கவனமாகக் கேட்டுக்கொள்கிற மெக்கானிக், பாதி வேலையைக் கேட்கும்போதே முடித்துவிடுகிறார்.

கோளாறைத் தேடுவதற்கு முன்னால் பாதுகாப்பைச் சொல்லியாக வேண்டும். சற்று விரிவாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். எஞ்சினை நிறுத்தி, சாவியைக் கழற்றி உங்கள் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். டிராக்டர் என்றால் பி.டி.ஓ.வை விடுவித்து, டிராக்டரின் சாவியையும் எடுத்துவிடுங்கள். எஞ்சின் நின்றதும் டிரம் நின்றுவிடாது. எடை அதிகம் என்பதால் அது வெகுநேரம் சுற்றிக்கொண்டே இருக்கும். முழுக்க நிற்கும் வரை மூடியைத் திறக்காதீர்கள். மேல் ரோலர் தூக்கிய நிலையில் இருந்தால் கட்டையோ இரும்பு முட்டோ கொடுத்து நிறுத்துங்கள், ஆயிலை நம்பி அதன் கீழே கை வைக்க வேண்டாம். பிறகு கண்ட்ரோல் லீவரை முன்னும் பின்னும் அசைத்து, லைனில் தங்கிய அழுத்தத்தை இறக்குங்கள்.

இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. ஹோஸில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தால், அதிலிருந்து வருகிற ஆயில் கண்ணுக்கே தெரியாது. மெல்லிய புகை மாதிரிதான் தெரியும். எங்கே கசிகிறது என்று கையால் தடவிப் பார்க்கிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள். தோலைத் துளைத்து உள்ளே போக 7 பார் அழுத்தம் போதும், சிப்பர் லைனில் ஓடுவதோ நூறு பாருக்கு மேல். முதலில் ஓர் எறும்புக் கடி அளவுக்குத்தான் வலிக்கும். ஒரு புள்ளி மட்டும் தெரியும், ரத்தம்கூட வராது. ஆனால் உள்ளே போன ஆயில் தசைக்கும் நரம்புக்கும் இடையே பரவி, சில மணி நேரத்தில் விரலையோ கையையோ எடுக்க வேண்டிய நிலைக்குக் கொண்டுபோகும். அப்படி நடந்தால் மஞ்சள் தடவிக்கொண்டு வேலையைத் தொடராதீர்கள். உடனே கோரிமேடு ஜிப்மர் போன்ற பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். “சின்னக் காயம்” என்று சொல்லாமல், “அழுத்தத்தில் ஹைட்ராலிக் ஆயில் உள்ளே போய்விட்டது, இந்த நேரத்தில் போனது” என்று டாக்டரிடம் தெளிவாகச் சொல்லுங்கள். முடிந்தால் ஆயிலின் பெயரையும் சொல்லுங்கள். கசிவைத் தேட ஓர் அட்டைத் துண்டு போதும். நீளமான குச்சியில் கட்டி, லைன் ஓரமாக நகர்த்தினால், அட்டை நனைகிற இடம் தெரிந்துவிடும். கண்ணுக்குக் கண்ணாடி, கைக்கு உறை போட்டுக்கொண்டே இதைச் செய்யுங்கள்.

சரி, ரோலர் நின்றுவிட்டது. முதல் கேள்வி, கோளாறு உண்மையில் ஹைட்ராலிக்கில்தானா? மழுங்கிய பிளேடால் நிற்கிற சிப்பர்கள் ஏராளம். நம் தெரு மரங்களில் விளம்பரப் பலகை அடித்த ஆணி எத்தனை இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். வேரோடு விழுந்த மரமென்றால் மண்ணும் மணலும் ஒட்டிக்கொண்டு வரும். ஓர் ஆணி போதும், கத்தியின் வாய் போய்விடும். மழுங்கிய கத்தி மரத்தை வெட்டாமல் நாராகக் கிழிக்கும், எஞ்சின் திணறும். புதிய சிப்பர்களில் எஞ்சின் சுற்று குறைந்தால் ரோலரைத் தானாக நிறுத்திவிடுகிற ஓர் அமைப்பு இருக்கிறது, நோ ஸ்ட்ரெஸ் என்று சொல்வார்கள். எஞ்சினைக் காப்பாற்ற அது ரோலரை நிறுத்தும், சுற்று ஏறியதும் மறுபடி விடும். இதைப் பார்த்துவிட்டு “பம்பு போச்சு” என்று முடிவு கட்டியவர்கள் உண்டு. வெளியே வருகிற சில்லை ஒரு கைப்பிடி எடுத்துப் பாருங்கள். ஒழுங்கான வில்லையாக இருந்தால் பிளேடு நன்றாக இருக்கிறது. நாரும் தூளுமாக இருந்தால் பிளேடைத் தீட்டி, எதிர்க்கத்திக்கும் பிளேடுக்கும் உள்ள இடைவெளியைக் கையேட்டில் சொன்ன அளவுக்கு வைத்துவிட்டு, அப்புறம் ஹைட்ராலிக்கைப் பற்றி யோசியுங்கள்.

அடுத்து ஓர் எளிய சோதனை. செலவே இல்லாதது. லீவரைப் பின்பக்கம் தள்ளிப் பாருங்கள். ரோலர் பின்னோக்கி வலுவாகச் சுற்றுகிறதா? சுற்றினால் பம்பு நன்றாக இருக்கிறது, ஆயில் இருக்கிறது, ரிலீஃப் வால்வு சரி, மோட்டாரும் சரி. முன்பக்கத்துக்கு மட்டும்தான் ஏதோ தடை. அந்தத் தடை பெரும்பாலும் மின்சாரப் பக்கம் இருக்கும். வாய்ப்பக்கப் பாதுகாப்புக் கம்பியின் சுவிட்ச், எஞ்சின் சுற்றை எண்ணுகிற சென்சார், அதன் வயர், சோலினாய்டு. மாதக்கணக்கில் ஷெட்டில் நின்ற மிஷினில் எலி கடித்த வயர் சாதாரண விஷயம். கடலோரக் காற்றில் பச்சை பூத்துப்போன கனெக்டரும் அப்படித்தான். பின்னோக்கியும் சுற்றவில்லை என்றால்தான் பொதுவான பகுதிகளைப் பார்க்க வேண்டும். ஒன்று மட்டும், பாதுகாப்புக் கம்பியின் சுவிட்சைக் கட்டிப் போட்டுவிட்டு மிஷினை ஓட்டாதீர்கள். ரோலர் இழுக்கும் வேகத்தில் மனிதன் கையை உருவிக்கொள்ள முடியாது.

இனி ஆயில். லெவல் கண்ணாடியில் பாருங்கள், பிறகு மூடியைத் திறந்து ஒரு கண்ணாடிக் குவளையில் கொஞ்சம் எடுத்து வெளிச்சத்தில் பிடியுங்கள். தெளிந்த பொன்னிறமாக இருந்தால் நல்லது. கறுத்துத் தீய்ந்த வாடை வந்தால் அதிகச் சூட்டில் வெந்த ஆயில். பால் ஊற்றிய தேநீர் நிறத்தில் கலங்கியிருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. ஃபெஞ்சல் மாதிரி மழையில் நனைந்து நின்ற மிஷின்களுக்கு இந்தக் கடைசிக் கேடுதான் அதிகம். தண்ணீர் டேங்க் மூடியில் இருக்கிற காற்றுத் துளை வழியாகவும் புகும். முழுகவே வேண்டியதில்லை, மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் நாலு நாள் மழை போதும். சந்தேகம் இருந்தால், ஒரு துளி ஆயிலைச் சூடான இரும்புத் தகட்டில் விடுங்கள், முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு. சடசடவென்று பொரிந்தால் தண்ணீர் இருக்கிறது. ஓரிரவு ஓடாமல் நின்ற மிஷினில் தனித்தண்ணீர் அடியில் தங்கியிருக்கும், வடிகட்டும் திருகைத் தளர்த்தி எடுத்துவிடலாம். ஆனால் கலங்கிக் குழம்பிப்போன ஆயில் தானாகத் தெளியாது. அதை முழுக்க வடித்து, டேங்கைத் துடைத்து, ஃபில்டரை மாற்றி, புது ஆயில் ஊற்றிக் கொஞ்ச நேரம் ஓட்டி, மறுபடி பார்க்க வேண்டும். இங்கே காசு பார்த்தால் பம்பின் உள்பக்கம் துரு ஏறும். பம்பின் விலையோடு ஒப்பிட்டால் ஆயிலின் விலை ஒன்றுமே இல்லை.

ஆயிலின் எண்ணையும் கவனியுங்கள். டின்னில் 46 என்றும் 68 என்றும் போட்டிருப்பது, 40 டிகிரி சூட்டில் அந்த ஆயிலின் பாகுத்தன்மை. எண் கூடினால் ஆயில் தடிமன். தயாரித்தவர் எந்த எண் சொல்கிறாரோ அதையே ஊற்றுங்கள். காலையில் நன்றாக ஓடி மதியம் ரோலர் மந்தமாகிறதே, அந்தப் புகாரின் காரணமும் இங்கேதான் இருக்கிறது. சூட்டில் ஆயில் இளகும். இளகிய ஆயில், தேய்ந்த பம்பின் பல்லுக்கும் உறைக்கும் இடையே நழுவிப் பின்னால் போய்விடும். டேங்கைத் தொட முடியாத சூட்டில் மிஷின் ஓடிக்கொண்டிருந்தால் அதை நிறுத்துங்கள். 80 டிகிரிக்கு மேல் சீல்கள் கெட்டித்துப் போகும். சில சமயம் காரணம் வெகு சாதாரணமாக இருக்கும். கூலரின் மேல் மரத்தூள் படிந்து காற்று போகாமல் அடைத்திருக்கும்.

காதையும் பயன்படுத்துங்கள். பம்பு ‘உய்ங்ங்’ என்று ஓலமிட்டாலோ, கரகரவென்று அரைத்தாலோ, பம்புக்குப் போதுமான ஆயில் வரவில்லை, அல்லது ஆயிலோடு காற்றும் வருகிறது. உறிஞ்சு வலை அடைத்திருக்கலாம். உறிஞ்சு ஹோஸின் உள்ளுறை பிரிந்து வழியை மூடியிருக்கலாம், வெளியே பார்த்தால் ஹோஸ் புதிது போலவே தெரியும். காற்று புகுந்தால் டேங்கில் நுரை கட்டும். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. உறிஞ்சு பக்கத்தில் இணைப்பு தளர்ந்தால் வெளியே ஒரு சொட்டுக்கூட ஒழுகாது, ஏனென்றால் அங்கே ஆயில் வெளியேறுவதில்லை, காற்று உள்ளே போகிறது. காய்ந்த இடத்தில் கசிவு இருக்கும் என்று யாரும் சந்தேகப்படுவதில்லை. மிஷின் ஓடும்போது நீள மூக்குக் குப்பியால் அந்த இணைப்பின் மேல் ஆயில் விட்டுப் பாருங்கள், சுற்றுகிற பாகங்களிலிருந்து தள்ளி நின்றபடி. சத்தம் சட்டென்று மாறினால் குற்றவாளி அந்த இணைப்பே.

ஆயில் நல்லது, சத்தம் இல்லை, பிளேடு கூர்மை, ஆனாலும் மரம் வைத்தால் நிற்கிறது. இப்போது பிரஷர் கேஜ் வேண்டும். மிஷினில் சோதனை முனை இருந்தால் அங்கே மாட்டுங்கள். ரோலரை எப்படித் தடுத்து அழுத்தத்தைப் படிப்பது என்பது ஒவ்வொரு மிஷினின் கையேட்டிலும் தனியாக இருக்கும். டிரம் ஓடிக்கொண்டிருக்கிற வாயில் கட்டையைப் பிடித்துக்கொண்டு யாரும் நிற்கக் கூடாது. கேஜ் முழு அளவுக்கு ஏறியும் ரோலர் அசையவில்லை என்றால் ஹைட்ராலிக் அழுத்தத்தில் குறையில்லை, தடை அதற்கப்பால் இருக்கிறது. தென்னை ஓலை அரைக்கிற மிஷின்களில் ஓலை நார் ரோலர் ஷாஃப்ட்டைச் சுற்றி இறுகி, பேரிங்கையும் சீலையும் தின்றிருக்கும். கேஜ் பாதியிலேயே நின்றுவிட்டால் பம்பு, ரிலீஃப் வால்வு, மோட்டார் மூன்றில் ஒன்று ஆயிலை நழுவ விடுகிறது. மோட்டார் சுற்றுகிறது, ரோலர் சுற்றவில்லை என்றால் இடையில் கீயோ கப்ளிங்கோ அறுந்திருக்கும்.

ரிலீஃப் வால்வுக்கு இப்போதுதான் முறை வருகிறது. முதலில் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். இருக்கையில் ஒரு சிறு உலோகத் துகள் ஒட்டியிருந்தாலே அது மூடாது, அழுத்தம் ஏறாது. கழற்றும் முன் திருகு எத்தனை இழை வெளியே இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். கேஜ் இல்லாமல் அதைத் திருகுவதை நான் எந்த நிலையிலும் ஒப்புக்கொள்ள மாட்டேன். ரோலருக்கு வலு வந்த மாதிரி தெரியும். ஆனால் 140 பாருக்குச் செய்த லைனில் எவ்வளவு ஓடுகிறது என்று யாருக்கும் தெரியாது. தேய்ந்த பம்பைக் கூடுதல் அழுத்தத்தில் வைத்து ஓட்டினால் அது முழுதாகப் போகும், அதோடு அதன் உலோகத் துகள் மோட்டாருக்கும் வால்வுக்கும் பரவும். ஹோஸ் வெடித்தால் பக்கத்தில் நிற்பவரின் கதி என்ன?

நம் ஊருக்கே உரிய விஷயம் ஒன்று இருக்கிறது. இங்கே சிப்பர் வருடத்தில் பெரும்பகுதி சும்மா நிற்கிறது, பிறகு ஒரு வாரம் இரவு பகல் ஓடுகிறது. வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20 வாக்கில் தொடங்கும். ஆகவே ஆவணியிலேயே மிஷினை வெளியே எடுத்து, பத்து நாளுக்கு ஒரு தடவை அரை மணி நேரம் ஓட்டி, ரோலரை இரு பக்கமும் சுற்றவிட்டு, மேல் ரோலரை ஏற்றி இறக்குங்கள். ஓடாமல் கிடக்கிற சீல் காய்ந்து வெடிக்கும். சிலிண்டர் தண்டை உள்ளே இழுத்த நிலையில் நிறுத்துங்கள், வெளியே நீட்டியபடி விட்டால் உப்புக் காற்றில் புள்ளிப் புள்ளியாகத் துரு பிடித்து, அடுத்த ஓட்டத்தில் சீலைக் கிழிக்கும். ஹோஸின் இரு நுனியிலும் இருக்கிற இரும்புக் கழுத்தைப் பாருங்கள். துரு ஹோஸுக்குள் புகுந்து கம்பி வலையைத் தின்றிருந்தால் அதை மாற்றுங்கள். பிரஸ் செய்து கொடுக்கிற கடைக்குப் பழைய ஹோஸை எடுத்துப் போங்கள், நீளமும் அழுத்தத் தரமும் அதே அளவில் கேளுங்கள்.

வடித்த பழைய ஆயில் மீதியிருக்கிறது. அதைச் சாக்கடையில் ஊற்றினால் பெரிய வாய்க்கால் வழியாகக் கடலுக்குத்தான் போகும், வம்பாக்கீரப்பாளையத்து மீனவர் வலையில் வந்து ஒட்டும். மூடியுள்ள டின்னில் அடைத்து, மழை படாத இடத்தில் வைத்து, பழைய ஆயிலை மறுசுத்திகரிப்புக்கு எடுக்க உரிமம் பெற்றவரிடம் கொடுங்கள். தண்ணீர் கலந்த ஆயிலைத் தனி டின்னில் வைத்து, அதன் மேல் எழுதி ஒட்டிக் கொடுங்கள்.